மணியனிடம் எண்பத்தேழு தடவை

தோற்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அருமனைப் பக்கம் "தங்கபாய் டீச்சர் வருது" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நாற்பது வயது ஆம்பிளைகள் சட்டைப் பொத்தானைப் போடுவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் போன மே மாதம் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். ஊரில் சொல்கிற விதம் சரியில்லை.

மார்ச்சில் என் மகன் ஸ்டெனி வேலை கிடைத்து ஷார்ஜாவுக்குப் போனான். டிவிக்குக் கீழே அவன் கேம் விளையாடுகிற கறுப்புப் பெட்டியை விட்டுவிட்டுப் போனான். கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் அடைத்த பிறகு ஒருநாள் தூசி தட்டிக்கொண்டே போனில் கேட்டேன்.

"ஏலே ஸ்டெனி, இந்தப் பெட்டிய என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம்மா. அங்கனயே கெடக்கட்டு. உள்ள உள்ள கேமு பயங்கர பாடாக்கும். நானே அதுல மணியன்னு ஒருத்தன்கிட்ட தோத்து வுட்டுட்டேன். உங்களக்கொண்டு பற்றாது."

என்னைக்கொண்டு பற்றாதாம், என்னால் முடியாதாம்! பெருக்கல் வாய்ப்பாட்டை இவன் மண்டையில் ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போனை வைத்ததும் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன்.

பாழாய்ப்போன ஒரு ராஜ்யம். இடிந்த கோட்டை, மூடுபனி, ஆள் நடமாட்டம் கிடையாது. ஓட்டை இரும்புச்சட்டை போட்டுக்கொண்டு, துருப்பிடித்த வாளோடு ஒரு வீரன் நிற்கிறான். அவன்தான் நான். எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. முதல் நாள் என்னை ஒரு நாய் கொன்றது. பெரிய நாய்கூட இல்லை. செத்தால் நான் அதுவரை சேர்த்த சம்பாத்தியம் முழுக்கச் செத்த இடத்திலேயே விழுந்துவிடும். மறுபடியும் தொடக்கத்திலிருந்து நடந்துபோய் அதை எடுக்க வேண்டும். போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால் அதுவும் போயிற்று. என்ன அநியாயம் என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டேன். பிறகு அந்த நாயைத் தேடிப் போய்க் கொன்றுவிட்டுத்தான் மதியச் சோறு பொங்கினேன்.

மூன்றாம் நாள் பாலத்துக்கு வந்தேன். பாலத்தின் நடுவில் நின்றான் மணியன். தென்னைமர உயரம். எங்கோ ஒரு கோபுரத்து மணியைச் சங்கிலியோடு பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறான், அதுதான் அவன் ஆயுதம். திரையின் மேலே அவனுடைய உயிர் ஒரு சிவப்புக் கோடாகத் தெரியும். அவன் அடித்தால் மணி ஒரே ஒரு தடவை "டாங்" என்று ஒலிக்கும், திரை சாம்பல் நிறமாகும். நான் செத்தேன் என்று அர்த்தம். முதல் தடவை நான்கு விநாடி நின்றேன்.

பத்தாவது தடவை வரைக்கும் கோபத்தில்தான் போனேன். அப்புறம் ஒன்று புரிந்தது. மணியன் ஏமாற்றவே மாட்டான். அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் தோளைத் தாழ்த்துவான். இடது தோள் இறங்கினால் குறுக்கு அடி, வலது தோள் இறங்கினால் மேலேயிருந்து அடி, மூன்றாவது அடிக்குப் பிறகு இரண்டு விநாடி மூச்சு வாங்குவான். நான் செத்த ஒவ்வொரு சாவும் என் தப்பினால்தான், அவசரத்தினால், இல்லையென்றால் ஆசையினால். இவ்வளவு ஒழுங்கான ஒருவனை நான் என் ஸ்டாஃப் ரூமில்கூடப் பார்த்ததில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். தேதி, எத்தனையாவது தடவை, எந்த அடியில் செத்தேன், ஏன். சிவப்புப் பேனாவில்.

சொன்னால் வெட்கம், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இதில் ஒரே சங்கடம், அந்த கேமை இடையில் நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்துகிற பொத்தானே கிடையாது. எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். கலியாணம் கழிந்த நாளிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. என் வீட்டுக்காரர் ஞானசிங் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடை வைத்திருக்கிறார். ஆறரைக்கு வந்து குளித்து, ஏழுக்குப் பாயை விரித்து வேதப்புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். அவர் வேதத்திலிருந்து சங்கீதம் வாசிக்க வாசிக்க, எனக்குப் பின்னால் டிவியில் மணியன் நான் விட்டுவிட்டு வந்த வீரனைத் துவைத்துக்கொண்டிருப்பான். "டாங்" என்று கேட்கும். அவர் ஒரு விநாடி வாசிப்பை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மேலே வாசிப்பார். முப்பத்தோராவது சாவு அப்படி வந்ததுதான்.

இப்போது என் மகள் ஜெஸ்பினைப் பற்றிச் சொல்ல வேண்டும். நர்சிங் முடித்தவள். ஜெர்மனியில் வேலைக்குப் போக எர்ணாகுளத்தில் ஹாஸ்டலில் தங்கி அந்தப் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். படிக்க, கேட்க, எழுத, பேச என்று பரீட்சையில் நாலு பாகம். இரண்டு தடவை எழுதினாள், இரண்டு தடவையும் தோற்றாள். இரண்டாம் தடவை போனில் அழுதுகொண்டு சொன்னபோது, "ஒரே பரீட்சையில ரெண்டு தடவ தோக்கதுக்கும் ஒரு தனித் திறம வேணும்" என்று நான் சொன்னேன். சொல்லும்போது அது எனக்கு நல்ல பேச்சாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஆறு வாரம் அவள் அப்பாவுக்கு மட்டும்தான் போன் செய்தாள். மூன்றாம் தடவை பரீட்சை, மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. அதையும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வினை வந்தது.

எங்கள் சபையில் பிரசங்கத்துக்குப் பிறகு போதகர், "வாய்விட்டுச் சொல்ல முடியாத விண்ணப்பம் உள்ளவர்கள் கையை மட்டும் உயர்த்துங்கள், மற்றவர்கள் கண்களை மூடியிருங்கள்" என்பார். கடன், வியாதி, குடும்பச் சண்டை என்று வெளியே சொல்ல முடியாதவர்களுக்காக உள்ள ஏற்பாடு. அந்த நேரத்தில் கண்ணை மூடுகிறவர் போதகர் ஒருவர்தான். சபையில் சேர்ந்த நாள் முதல் நான் கை தூக்கியதில்லை. எனக்கு என்ன குறை? அன்றைக்கு என் மனது பாலத்தில் நின்றது. முந்தின நாள் மணியனின் உயிரைப் பாதிக்குக் கொண்டுவந்து, ஆசைப்பட்டு ஒரு வெட்டு கூடுதலாக வெட்டி, செத்திருந்தேன். கர்த்தர் பெரியவர், கேட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. கை தானாகப் போய்விட்டது.

நூற்றைம்பது கண்கள் அதைப் பார்த்தன.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஜெப்சி வந்தாள். எங்கள் பெண்கள் சங்கத்துச் செயலாளர். கையில் ஒரு தூக்குவாளி நிறையப் பயற்றுக்கஞ்சி.

"டீச்சர், ஒண்ணும் மனசுல வச்சிருக்காதீங்க. எங்கிட்ட பறஞ்சிருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல ஜெப்சி."

"எனக்க மாமியும் இப்பிடித்தான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னாவ. ஓப்பரேஷன் கழிஞ்ச பொறவுதான் எங்களுக்கே தெரியும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் போனதும் வேறு மூன்று பேர் வந்தார்கள். என் முகத்தைப் பார்த்து, "மெலிஞ்சிட்டியளே" என்றார்கள். கட்டைவிரலில் பொத்தான் அமுக்கி அமுக்கிக் காய்த்துப்போய் நான் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து, "ரத்தம் எடுத்தாவளா?" என்றார்கள். சீ, என்ன சொல்ல!

சாயங்காலம் ஞானசிங் ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தார். மதுவின் தீமைகள் என்று அட்டையில் போட்டிருந்தது.

"இது எதுக்கு?"

"சபைக் கமிட்டி செல்வதாஸ் கடைக்கு வந்தாரு. நீ கை தூக்குனது எனக்க குடியாலயாம், நான் அத வுடணுமாம்."

"நீங்க எப்பம் குடிச்சிய?"

"சாயா தவிர ஒண்ணும் குடிக்க மாட்டேன்னு சொன்னேன். எல்லா குடிகாரனும் அப்பிடித்தான் சொல்லுவான்னுட்டாரு. பாதி ஷட்டர இழுத்து வுட்டுட்டு முழங்கால்ல நின்னு ஜெபிச்சாரு. நானும் நின்னேன்."

"நீங்க எதுக்கு நின்னிய? கேமு காரியத்தச் சொல்ல வேண்டியதுதானே!"

"அது உனக்க காரியம்லா. நீ சொல்லாத ஒண்ண நான் எப்பிடிச் சொல்ல?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை சபை வாட்ஸாப்பில் லில்லிப்பூ படத்தோடு செய்தி வந்தது. 'நம் அன்பு சகோதரி தங்கபாய் டீச்சருக்காக அவர்கள் இல்லத்தில் புதன் காலை ஒன்பதரை மணிக்கு உபவாச ஜெபம். தவறாமல் வரவும்.' என்னைக் கேட்காமலே என் வீட்டில்! ஜெப்சியைக் கூப்பிட்டுக் கத்தலாம் என்று போனை எடுத்தேன். அதற்குள் ஞானசிங்கின் போன் அடித்தது. ஜெஸ்பின். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, உள்ளதச் சொல்லுங்க. கட்டியா? எந்த எடத்துல?"

"மக்கா, அம்மைக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா உபவாச ஜெபம்? அந்த மெசேஜ நாலு பேரு எனக்கு அனுப்பிட்டாவ. நான் நாளைக்குப் பத்தரை வண்டிக்கு டிக்கெட் எடுத்தாச்சு."

"வியாழக்கெழம உனக்குப் பரீட்ச மக்கா."

"அது கெடக்கட்டுப்பா. எப்பிடியும் தோக்கத்தானே போறேன்."

நான் போனைப் பிடுங்கினேன். "ஏட்டி, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ வராத."

ஆறு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "மறைக்காதீங்கம்மா. நான் நர்ஸாக்கும்." அழுதாள், வைத்துவிட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அன்றைய கணக்கு எண்பத்தேழு. எண்பத்தேழு தடவை தோற்றவள், இரண்டு தடவை தோற்றவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் சொல்லாவிட்டால் அவள் வண்டி ஏறிவிடுவாள். பரீட்சையும் போகும், என்னால் போயிற்று என்பதும் நிற்கும். சொன்னால் முப்பது வருஷ மரியாதை போகும். ஜெபத்தில்கூட எனக்கு அதுதான் ஓடியது.

புதன்கிழமை ஒன்பதரைக்கு எங்கள் ஹாலில் நாற்பது பேர். பாய் போதாமல் ரப்பர் ஷீட் மூடுகிற தார்ப்பாயை விரித்தோம். இரண்டு பாட்டுப் பாடினார்கள். பெண்கள் என்னைப் பாவமாகவும் மூலையில் நின்ற ஞானசிங்கை எரிப்பதுபோலவும் பார்த்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, நிஜமாகவே குடித்தவர் மாதிரி தலையைக் குனிந்து நின்றார். போதகர் மெதுவாக, "டீச்சர், சபை உங்க கூட உண்டு. பாரத்த இறக்கி வைக்கலாம்" என்றார்.

என் போனில் மகளின் செய்தி வந்தது. ஸ்டேஷன் வந்துவிட்டாள்.

நான் எழுந்தேன். ஜெஸ்பினுக்கு வீடியோ கால் போட்டு, அவள் முகம் வந்ததும் போனை ஞானசிங்கின் கையில் கொடுத்தேன். "எல்லாரும் தெரியுத மாதிரி பிடிச்சிட்டு நில்லுங்க" என்றேன். டிவியையும் பெட்டியையும் போட்டேன். மூடுபனி, பாலம், பாலத்தில் மணியன். தார்ப்பாயில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல. இவரு குடிக்கவும் மாட்டாரு, பாவம். நான் கை தூக்குனது இவனுக்காக்கும்" என்று மணியனைக் காட்டினேன். "இது எனக்க மோனுக்க கேமு. ஒரு மாசமா களிக்கேன். இவனக் கொல்ல முடியேல்ல. அதுக்குத்தான் கை தூக்குனேன்."

ஜெப்சிதான் முதலில் வாய் திறந்தாள். "சாத்தான் வெளையாட்டா டீச்சர்?"

"சாத்தான்னா மொதல்லயே ஜெயிக்க வச்சு ஆச காட்டியிருப்பான். இவன் நேர்மையான ஆளாக்கும். தப்பு செஞ்சா அடிப்பான், செய்யலைன்னா அடிக்க மாட்டான்."

போதகர் தொண்டையைச் செருமினார். "எத்தற தடவ தோத்திய?"

நோட்டை எடுத்து விரித்துக் காட்டினேன். "எண்பத்தேழு."

போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. ஸ்டேஷனில் அத்தனை ஆட்களுக்கு நடுவில் நின்று என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எண்பத்தேழா? நீங்களாம்மா?"

"ஆமா மக்கா, நான்தான்." அதற்குமேல் டீச்சர் குரல் எனக்கு வரவில்லை. "ரெண்டு தடவ தோத்ததுக்கு உன்ன நான் ஒரு பேச்சுப் பேசினேன்லா, அது தப்பாக்கும். நாப்பது பேரு முன்னால சொல்லுதேன். நீ வீட்டுக்கு வராண்டாம். போய்ப் பரீட்சய எழுது. ஜெயிக்கணும்னு சொல்லேல்ல. போய் நில்லு, அவ்வளவுதான்."

அவள் சிரிப்பு நின்றது. முகத்தைத் துடைத்தாள். பிறகு, "களிச்சுக் காட்டுங்கம்மா. எனக்குப் பாக்கணும்" என்றாள்.

நாற்பது பேர் முதுகுக்குப் பின்னால் இருக்க, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பாலத்தில் இறங்கினேன். இடது தோள், உருண்டேன். வலது தோள், விலகினேன். வெட்டினேன். பின்னால் குமாரதாஸ், எழுபது வயது, மூட்டுவலி, எழுந்து நின்றுவிட்டார். "டீச்சரே, சாடுங்க! அந்தப் பக்கம் சாடுங்க!" குதித்தேன். செல்வதாஸ், "வேண்டாம், பைய, பைய" என்றார். ஜெப்சி ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முனகிக்கொண்டிருந்தாள். கோடு பாதிக்குக் கீழே வந்தது. ஒரே ஒரு வெட்டு கூட என்று ஆசைப்பட்டேன்.

டாங்.

நாற்பது வாயும் ஒன்றாக "ஐயோ!" என்றது. அவ்வளவு மனதாரச் சொன்ன ஒரு ஐயோவை எங்கள் சபையில் நான் கேட்டதில்லை.

"எண்பத்தெட்டு" என்று போனில் ஜெஸ்பின் சொன்னாள். அவளுக்குப் பின்னால் வண்டி வருகிற அறிவிப்பு கேட்டது. "அம்மா, வண்டி வந்தாச்சு. அது போகட்டு. நான் ஹாஸ்டலுக்குப் போறேன், படிக்கணும்."

பன்னிரண்டு மணி வரைக்கும் உபவாசம், சாயா கிடையாது. அதனால் யாரும் எழுந்து போகவில்லை. ஜெஸ்பினுடைய பரீட்சைக்காக ஜெபித்தார்கள், இடையில் போதகரே, "டீச்சர், இன்னொரு தடவ பாக்கலாமா?" என்றார். தொண்ணூற்றொன்று வரை போயிற்று. சாயங்காலம் செல்வதாஸ் ஒரு மட்டிப்பழக் குலையைத் தூக்கிக்கொண்டு ஞானசிங்கிடம் மன்னிப்புக் கேட்க வந்தார். மதுவின் தீமைகளை ஞானசிங் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

மணியன் சனிக்கிழமை செத்தான். நூற்றுமூன்றாவது தடவை, சாயங்காலம் நாலு மணி, வெளியே கோடைமழை. அவன் மண்டியிட்டு விழுந்ததும் மணி கையிலிருந்து உருண்டு ஆற்றில் போயிற்று. நான் அழுதேன். பக்கத்தில் சாயா ஆற்றிக்கொண்டிருந்த ஞானசிங், "அழாத, செத்தது அவனாக்கும்" என்றார். பிறகு, "இனி என்ன?" என்று கேட்டார்.

"பாலத்துக்கு அங்கோட்டு இன்னொருத்தி நிக்கா" என்றேன். அவர் டம்ளரை என் கையில் கொடுத்தார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள், மதிய இடைவேளையில் போன் அடித்தது. ஜெஸ்பின். அப்பாவை விட்டுவிட்டு முதலில் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

"அம்மா, ரிசல்ட் வந்துட்டு. தோத்துட்டேன்."

பழைய தங்கபாய் டீச்சருக்கு இந்த இடத்தில் வாய் நிறைய வார்த்தை உண்டு. நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"எத்தற பாகம் போச்சு?"

"ஒண்ணுதான். மூணு ஜெயிச்சிட்டேன். பேசுகதுதான் போச்சு. அந்த மேடம் எதிர்த்துக் கேட்டப்பம் வாயடச்சுப் போச்சும்மா."

"அப்பம் அவனுக்குக் கால்வாசி உயிருதான் பாக்கி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். நான் பையைத் திறந்து அந்த நோட்டை எடுத்தேன். மணியன் முடிந்த பக்கத்துக்கு அடுத்ததில் ஜெஸ்பின் என்று எழுதி, அடியில் கோடு போட்டேன்.

"செரி, எங்க வச்சு அடிச்சான்? மொதல்ல இருந்து பைய சொல்லு மக்கா, நான் எழுதிக்கிடுதேன்."